கணிப்பொறி அகராதியும் வரிசையும்

(வெள்ளி விழாவையொட்டிப் பாபநாசத்தில் நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் என்னை அழைத்தபோது, "கணிப்பொறியைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படும்படி ஏதேனும் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டனர். நான் மிகச் சிறியதொரு பொருளை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். நிரலாக்க மொழிகளில் 'அகராதி' என்றோர் அமைப்பு உண்டு. அதனுள் இட்டு வைத்தவை எந்த வரிசையில் திரும்பி வரும் என்பதே என் பொருள்.

"இத்துணைப் பெரிய விழாவில் இத்துணைச் சிறிய பேச்சா?" என்று பெரியோர்கள் எண்ணக்கூடும். பந்தியில் வரிசை, கிணற்றடியில் வரிசை, வகுப்பறையில் வரிசை என்று வரிசையைக் காட்டியே பின்னுக்குத் தள்ளப்பட்ட மக்கள் நாம். எந்த வரிசையைக் கண்டாலும் அதை வகுத்தவர் யார் என்று கேட்கும் உரிமையும் கடமையும் நம்மைவிட வேறு எவருக்கு அதிகம்? ஆகவே சற்றுப் பொறுமையுடன் செவிசாய்க்குமாறு வேண்டுகிறேன்.

முதலில் நம் தமிழ் அகராதியைப் பார்ப்போம். அகராதி என்னும் சொல்லே அகரத்தை ஆதியாக உடையது என்று பொருள்படுவது. வரிசைதான் அதன் பெயர். ஆனால் நம் பழைய சொற்றொகுதிகள் அகர வரிசையில் அமைந்தவையல்ல. திவாகர நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளாக வகுக்கப்பட்டது. தெய்வப் பெயர் முதலில் வரும். அடுத்து மக்கட் பெயர். அதன்பின் விலங்கின் பெயர், மரப் பெயர் என்று தொடரும். எது உயர்ந்தது, எது அடுத்தது என்று நூலாசிரியர் கொண்ட கருத்தே அங்கே வரிசையாயிற்று. ஒரு சொல்லைத் தேட வேண்டுமானால், முதலில் அச்சொல் உலகில் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அல்லது நூல் முழுவதும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

1594ஆம் ஆண்டில் சிதம்பர ரேவண சித்தர் அகராதி நிகண்டு இயற்றினார். சொற்களை அவற்றின் முதலெழுத்தைக் கொண்டு வரிசைப்படுத்தினார். 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி வந்தது. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாகத் தமிழ்ப் பேரகராதியை வெளியிட்டது. அதன் பதிப்பாசிரியராக விளங்கிய வையாபுரிப் பிள்ளை நம் நெல்லைச் சீமையில் பிறந்தவர். அகர வரிசை வந்த பிறகு, எழுத்துக் கற்ற எவரும் எந்தச் சொல்லையும் தாமே தேடிக்கொள்ளலாம் என்றாயிற்று. அரசன் என்னும் சொல்லுக்கு அருகிலேயே அரிவாளும் அரிசியும் வந்து அமர்ந்தன. எழுத்தின் முன்னே மேல் கீழ் இல்லை.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். நிரலாக்க மொழியில் அகராதி என்பது இரண்டிரண்டாகச் சேர்த்து வைக்கும் ஓர் அமைப்பு. ஒன்று சாவி, மற்றொன்று மதிப்பு. மாணவரின் பதிவெண் சாவி என்றால் அவர் பெற்ற மதிப்பெண் அதற்குரிய மதிப்பு. சாவியைச் சொன்னால் மதிப்பு கையில் வர வேண்டும். அதுவும் இலட்சம் பெயர்கள் இருந்தாலும் கண்ணிமைப்பொழுதில் வர வேண்டும். இதற்கு மட்டுமே அது பிறந்தது. தமிழில் நாம் அதற்கு அகராதி என்று பெயர் வைத்துவிட்டோமேயன்றி, அதற்குள் அகர வரிசை கிடையாது.

வரிசை இல்லாமல் எப்படி விரைந்து தேட முடியும்? இதற்கான வழியை 1953ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தின் லூன் என்னும் அறிஞர் ஒரு குறிப்பில் எழுதி வைத்தார். அஞ்சல் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்துப் போடும் மரத்தட்டைப் பார்த்திருப்பீர்கள். அதில் எட்டு அறைகள் இருப்பதாகக் கொள்ளுங்கள். அவற்றிற்கு 0 முதல் 7 வரை எண் இடுங்கள். பதிவெண் 21 உடைய மாணவர் வருகிறார். 21ஐ 8ஆல் வகுத்தால் மீதி 5. ஐந்தாம் எண்ணிட்ட அறையில் அவர் சீட்டைப் போடுகிறோம். அடுத்து 10 வருகிறார், மீதி 2. அடுத்து 35 வருகிறார், மீதி 3. நாளைக்கு 35ஆம் எண்காரரின் சீட்டு வேண்டும் என்றால் எல்லா அறைகளையும் துழாவ வேண்டியதில்லை. மீதியைக் கண்டு நேரே மூன்றாம் எண் அறைக்குக் கையை நீட்டலாம். ஒரே அறைக்கு இருவர் வந்து மோதினால் அதைத் தீர்க்கவும் வழிகள் உண்டு. சாவி பெயராக இருந்தால் அதன் எழுத்துகளைக் கணக்கிட்டு முதலில் ஓர் எண்ணாக்கிக்கொள்வார்கள். அவ்வளவே சூட்சுமம்.

இப்போது அந்தத் தட்டை ஓரத்திலிருந்து ஒவ்வோர் அறையாகப் படித்துப் பாருங்கள். 10, 35, 21 என்று வருகிறது. வந்த வரிசையோ 21, 10, 35. எண் வரிசையோ 10, 21, 35. தட்டின் வரிசை இவ்விரண்டும் அன்று. அறைகளைப் பதினாறாகப் பெருக்கினால் மீதிகள் மாறிவிடும். 35, 21, 10 என்று வரும். ஆட்கள் மாறவில்லை, மதிப்பெண்கள் மாறவில்லை, தட்டு மாறியது, வரிசை மாறியது. அந்த வரிசைக்கு எந்தப் பொருளும் இல்லை என்பதே அதன் பொருள்.

பொருளில்லாத வரிசையையும் மனிதன் நம்பத் தொடங்கிவிடுகிறான் என்பதுதான் வேடிக்கை. பத்து முறை ஓட்டிப் பார்த்தபோதும் ஒரே வரிசையில் வந்தால், பதினோராம் முறையும் அப்படியே வரும் என்று எண்ணி அதன்மேல் வீடு கட்டிவிடுகிறான். 2012இல் வெளிவந்த 'கோ' என்னும் மொழியின் முதற்பதிப்பை வகுத்தவர்கள் இதற்கு ஒரு கடுமையான மருந்து செய்தார்கள். அகராதியைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் தொடக்கத்தை வேண்டுமென்றே மாற்றிவிட்டார்கள். "இங்கே வரிசை இல்லை" என்று ஏட்டில் எழுதியதோடு நில்லாமல், எவரும் அதை நம்ப முடியாதபடி செய்தார்கள்.

பைத்தான் மொழியிலும் அதே ஆண்டு ஒரு மாற்றம் வந்தது. அதற்குக் காரணம் பாதுகாப்பு. ஒரே அறைக்குள் போய் விழும்படியான சாவிகளை ஆயிரக்கணக்கில் பொறுக்கி அனுப்பினால் பெரிய இணைய வழங்கிகளையே திணறடித்துவிடலாம் என்று 2011 டிசம்பரில் ஆய்வாளர் சிலர் மெய்ப்பித்தனர். ஆகவே பெயர்ச் சாவிகளுக்குக் கணக்கிடும் எண்ணை, நிரல் தொடங்கும்தோறும் மாற்றும் முறையைப் பைத்தான் 3.3 மேற்கொண்டது. நேற்று வந்த வரிசை இன்று வாராது.

அதன்பின் நடந்ததே இப்பேச்சின் உயிர்நிலை. ரேமண்ட் ஹெட்டிங்கர் என்பவர் 2012ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு யோசனை கூறினார். நம் ஊர்க் கலியாண வீட்டு மொய் நோட்டைக் கொண்டு அதை விளக்கலாம். வந்தவர் பெயரையும் தொகையையும் வந்த வரிசையிலேயே நோட்டில் எழுதிக்கொண்டு போக வேண்டும். தட்டின் அறைகளில் முழுச் சீட்டையும் போடாமல், "நோட்டில் இத்தனையாவது வரி" என்னும் எண்ணை மட்டும் போட வேண்டும். தேடும்போது அறையில் வரி எண்ணைக் கண்டு, நோட்டைப் புரட்டிக்கொள்ளலாம். இதனால் காலி அறைகள் அடைத்துக்கொள்ளும் இடம் மிச்சமாகும். இனாடா நாவோகி என்னும் சப்பானிய வல்லுநர் இதனைப் பைத்தானுக்குள் செய்து முடித்தார். 2016 டிசம்பரில் 3.6ஆம் பதிப்பு வெளிவந்தது. முந்தைய 3.5ஐவிட அகராதி பிடிக்கும் நினைவிடம் 20 முதல் 25 விழுக்காடு குறைந்தது. இடத்தை மிச்சம் பிடிக்கப் போய், இன்னொரு பயனும் தானே வந்து சேர்ந்தது: இட்ட வரிசையிலேயே எல்லாம் திரும்பி வந்தன.

ஆனால் 3.6இன் ஏடு என்ன சொல்லிற்று? இது செயல்முறையின் உள்விவரம். இதை நம்பி எழுதக் கூடாது. பிற்காலத்தில் மாறக்கூடும் என்று சொல்லிற்று. 2017 டிசம்பரில் அம்மொழியைப் படைத்த கைடோ வான் ரோசம், இட்ட வரிசை காக்கப்படும் என்பதே இனி விதி என்று தீர்ப்பளித்தார். 2018 ஜூனில் வந்த 3.7ஆம் பதிப்பின் ஏட்டில் அது எழுதப்பட்டது.

இளைஞர்களே, இந்த இரு பதிப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 3.6இலும் வரிசை காக்கப்பட்டது, 3.7இலும் காக்கப்பட்டது. ஓட்டிப் பார்ப்பவன் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. முன்னது சலுகை, பின்னது உரிமை. முன்னதை அவர்கள் என்று வேண்டுமானாலும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். "நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லையே" என்று சொல்லலாம். பின்னதை மீறினால் அது குற்றம். ஏட்டைக் காட்டிக் கேட்கலாம். நல்ல மனம் படைத்தவர்கள் நாளைக்கும் நல்லபடி நடந்துகொள்வார்கள் என்று நம்பி இராமல், காப்புகள் அனைத்தும் சட்டத்தில் எழுதப்பட வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் வாழ்நாளெல்லாம் வாதாடியதன் உட்பொருளை, கணிப்பொறி வேலையில் இருந்த எனக்கு இந்த இரு பதிப்புகளும் மீண்டும் ஒருமுறை உணர்த்தின.

எனக்கு நேர்ந்த ஓர் இழுக்கையும் மறைக்காமல் கூறிவிடுகிறேன். ஓர் அலுவலகத்திற்காக உதவித்தொகைப் பட்டியல் ஒன்றை அச்சிடும் நிரலை எழுதினேன். பெயர், தந்தை பெயர், ஊர், தொகை என்னும் நான்கையும் அகராதியில் இட்டேன். தலைப்புகளைத் தனியே கையால் எழுதி, மதிப்புகளை வரும் வரிசையிலேயே அவற்றின்கீழ் அச்சிடச் செய்தேன். என் மேசையில் எல்லாம் சரியாக வந்தது. வேறோர் ஊரில் பழைய பதிப்பு ஓடிய இயந்திரத்தில் அதையே ஓட்டினார்கள். தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஊரும், ஊர் இருக்க வேண்டிய இடத்தில் தொகையும் வந்து நின்றன. அந்தப் பட்டியல் திரும்பி வந்தது. பிள்ளைகளுக்குப் பணம் இரண்டு வாரம் தாமதமாயிற்று. இயந்திரத்தின்மேல் பிழையில்லை. எழுதப்படாத வாக்கை நம்பியது என் பிழை. "முதலில் பெயர், அடுத்து தந்தை பெயர்" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும்.

மொழிக்கு மொழி வழக்கம் வேறுபடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதே 21, 10, 35 என்னும் மூன்று எண்களையும் சாவிகளாக இட்டுப் பார்ப்போம். பைத்தான் 3.7 இட்டபடியே 21, 10, 35 என்று தரும். சாவாஸ்கிரிப்டில் எழுதினால் 10, 21, 35 என்று வரும்; ஏனெனில் அங்கே எண்ணாக உள்ள சாவிகள் ஏறுவரிசையில் முன்னே வரும்; பெயராக உள்ளவை இட்ட வரிசையில் பின்னே வரும். சாவா மொழியில் மூன்று வகை அகராதிகள் தனித்தனியே உள்ளன: வரிசைக்கு வாக்குத் தராதது ஒன்று, இட்ட வரிசையைக் காப்பது ஒன்று, சாவிகளை ஒழுங்குபடுத்தி வைப்பது ஒன்று. எது வேண்டுமோ அதைக் கேட்டு வாங்க வேண்டும். இயந்திரத்திலிருந்து இயந்திரத்திற்குத் தகவல் அனுப்பப் பயன்படும் ஜேசன் வடிவத்தின் 2017ஆம் ஆண்டுத் தரநிலையும், அதன் சாவிகளுக்கு வரிசை இல்லை என்றே வரையறுக்கிறது. வரிசை முக்கியமானால் பட்டியலாக அனுப்ப வேண்டும்.

"அப்படியானால் எல்லாவற்றையும் அகர வரிசைப்படுத்திவிட்டால் போயிற்று" என்று ஒரு தம்பி நினைக்கலாம். அகர வரிசையையும் ஒருவர் வகுக்கத்தான் வேண்டும். மலை, மழை, மறை, மனை என்னும் நான்கு சொற்களும் நம் நெடுங்கணக்கின்படி இந்த வரிசையில்தான் வரும். ல, ழ, ற, ன என்பது நம் முறை. கணிப்பொறியிடம் வேறொன்றும் சொல்லாமல் வரிசைப்படுத்தக் கொடுத்தால் மனை, மறை, மலை, மழை என்று தருகிறது. ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளுக்கு இடப்பட்ட எண்கள், தேவநாகரியை அச்சாகக் கொண்ட 1988ஆம் ஆண்டின் இஸ்கி முறையைப் பின்பற்றியவை. அந்த அச்சில் நகரத்தை அடுத்து னகரத்திற்கும், ரகரத்தை அடுத்து றகரத்திற்கும் இடம் கிடைத்தது. பிறர் வார்த்த அச்சில் நம் எழுத்து அமர்ந்தால் நம் வரிசை கலைகிறது. இதற்குத் தீர்வு உண்டு. எழுத்தெண்ணைக் கொண்டு ஒழுங்குபடுத்தாமல், தமிழ் முறைப்படி ஒழுங்குபடுத்துக என்று தனியே ஆணையிட வேண்டும். அதற்கான விதித்தொகுப்புகளும் உள்ளன. ஆயினும் கேட்டால்தான் கிடைக்கும்.

இனி நம் பொருநையாற்றங்கரைக்கு வருவோம். இந்த மலையிலிருந்து இறங்கும் தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. ஆற்றின் போக்கில் சொன்னால் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். அகர வரிசையில் சொன்னால் அரியநாயகிபுரம், கன்னடியன், கோடைமேலழகியான், சுத்தமல்லி, நதியுண்ணி, பழவூர், மருதூர், ஸ்ரீவைகுண்டம். கட்டிய காலத்தைக் கொண்டு சொன்னாலோ, ஆங்கிலேயர் காலத்தில் கட்டிய ஸ்ரீவைகுண்டமே எல்லாவற்றிலும் இளையது. எது சரியான வரிசை? அலுவலகத்தில் கோப்புத் தேடுபவருக்கு அகர வரிசை சரி. தண்ணீர் திறந்துவிடுபவருக்கு ஆற்று வரிசை சரி. ஆனால் தலைமடைக்காரன் பாய்ச்சிய பின்புதான் கடைமடைக்காரனுக்கு என்று ஆற்று வரிசையையே நியாயமாகவும் ஆக்கிவிட்டால், பிசானப் பயிர் கடைமடையில் கருகும். ஆதலால்தான் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறோம். முதலில் நிற்பது ஆற்றின் இயற்கை. முறை வைப்பது மனிதனின் அறம்.

'வந்த வரிசை' என்பதும் அப்படியே. அது நேர்மையானதாகத் தோன்றும். முதலில் வந்தவருக்கு முதலில் என்றால் யார் குறை சொல்ல முடியும்? ஆனால் செய்தி முதலில் யாருக்குத் தெரிந்தது, வீடு யாருக்கு அருகில் இருந்தது, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்க யாரால் முடிந்தது என்றும் கேட்க வேண்டும். உதவித்தொகைப் பட்டியலை வந்த வரிசையில் வைத்து, மேலிருந்து ஐம்பது பேர் என்று வெட்டினால், காணியிலிருந்து இறங்கி வர வேண்டிய பிள்ளை ஐம்பத்தோராவதாகத்தான் நிற்கும்.

மக்களையே வரிசைப்படுத்திய வரலாறும் நமக்கு உண்டு. 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது, அதன் ஆணையராயிருந்த ரிஸ்லி, சாதிகளைச் சமூக மதிப்பின் வரிசையில் அடுக்கச் செய்தார். ஊரார் கருத்து எதுவோ அதுவே அளவுகோல் என்றார். உடனே நாடெங்கும் "எங்களை ஒரு படி மேலே வையுங்கள்" என்று விண்ணப்பங்கள் குவிந்தன. கேட்டவர்கள் ஏணியில் தங்கள் படியை மாற்றக் கேட்டார்களேயன்றி, ஏணி எதற்கு என்று கேட்டவர்கள் சிலரே. 1950ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணையில் நம் மாநிலத்திற்குரிய பட்டியலைப் பாருங்கள். அது ஆதி ஆந்திரர் என்று தொடங்கி ஆங்கில எழுத்து வரிசையில் செல்கிறது. முதலில் இருப்பதால் உரிமை கூடுவதில்லை. கடைசியில் இருப்பதால் குறைவதில்லை. பெயர் உள்ளே இருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. கணிப்பொறி அகராதியின் இலக்கணமும் அதுவே. அங்கே சாவிக்கு மதிப்பு உண்டு; இடத்திற்கு மதிப்பு இல்லை.

நான் படித்த தொடக்கப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் எங்கள் தெருப் பிள்ளைகளின் பெயர்கள் கடைசியில் இருந்தன. அகரத்தில் தொடங்கும் பெயருடைய என் தோழன் ஒருவனும் அங்கேயேதான் இருந்தான். அது அப்படித்தான் இருக்கும் போலும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம், எவரும் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் பதிவேட்டை அகர வரிசையில் புதிதாக எழுதினார். முதல் நாள் முதற்பெயராகத் தன் பெயரைக் கேட்ட தோழன் பதில் சொல்லவில்லை. தன் முறை வரக் கடைசி வரை காத்திருந்து பழகிய பிள்ளை, தன்னைத்தான் அழைக்கிறார் என்று உணரவே இல்லை. இரண்டாம் முறை அழைத்த பிறகுதான் எழுந்து நின்று, "உள்ளேன் ஐயா" என்றான். அந்த ஆசிரியர் எந்தச் சொற்பொழிவும் ஆற்றவில்லை. வரிசையை மாற்றி எழுதினார், அவ்வளவே.

ஆகவே கணிப்பொறி கற்கும் இளைஞர்களுக்கு மூன்று சொல் சொல்லி முடிக்கிறேன். ஒன்று: கண்ணெதிரே ஒரு வரிசை தோன்றினால், அது விதியால் வந்ததா, தற்செயலாய் வந்ததா என்று ஏட்டைத் திறந்து பாருங்கள். இரண்டு: உங்கள் நிரலுக்கு வரிசை தேவையானால் அதை உங்கள் கையாலேயே எழுதுங்கள், சலுகையை நம்பாதீர்கள். மூன்று: நாளை நீங்கள் அலுவலகங்களில் அமர்ந்து பிறருக்காகப் பட்டியல் தயாரிக்கும் இடத்திற்கு வருவீர்கள். அப்போது யாரை முதலில் வைக்கிறோம், யாரைக் கடைசியில் வைக்கிறோம், ஏன் வைக்கிறோம் என்று ஒரு நிமிடம் நின்று எண்ணுங்கள். ஐம்பத்தோராவதாக நிற்கும் பிள்ளை நம் தெருப் பிள்ளையாகவும் இருக்கலாம். வேறு தெருப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

வரிசையில் கடைசியில் நின்றவர்களின் பிள்ளைகள் வரிசையை எழுதும் கல்வியைப் பெற வேண்டும் என்பதற்காகவே இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்திருக்கிறது.